தெற்றுப்பல்

பல் டாக்டர்கள் பொதுவாக மல்லாந்து படுப்பதில்லை. மல்லாந்து படுத்தவர்களின் வாய்க்குள் எட்டிப் பார்ப்பதுதான் அவர்கள் பிழைப்பு. சின்னவன் அந்த ஒழுங்கைக் கொஞ்ச காலமாக மீறிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், அம்மா வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு பழைய காருக்கு அடியில் மல்லாந்து கிடப்பான். கையில் கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த வாய்க் கண்ணாடி, நெற்றியில் விளக்கு, மூக்கில் துரு.

வீட்டில் இளையவன் என்பதால் அவனுக்குச் சின்னவன் என்று பெயர். தலை நரைத்து, தன் பிள்ளைகளுக்கே மீசை முளைத்த பிறகும் சின்னவன்தான். அந்தப் பதவியில் உயர்வு கிடையாது.

கார் அம்மாவுடையது. அம்மா டிரைவிங் ஸ்கூல் நடத்தியவள். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். மீதிப் பாதியால்தான் விபத்து நடக்கிறது என்பது அவளுடைய கணக்கு. கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு அவள் வைத்திருந்தது இரண்டே சட்டம். கியர் போடும்போது கீழே பார்க்கக் கூடாது. பார்த்தால் மணிக்கட்டில் ஒரு தட்டு விழும். இன்னொன்று, எது நடந்தாலும் வண்டி மேல் பழி போடக் கூடாது. "பிரேக் பிடிக்கல மேடம்", "கிளட்ச் சரியில்ல மேடம்" என்று ஆரம்பித்தவன் எவனும் அவளிடம் தேறியதில்லை.

ஸ்கூல் வண்டிகள் எல்லாவற்றிலும் கிளட்ச் உண்டு. தனக்கென்று வாங்கிய வண்டியில் மட்டும் அவள் அதை வைத்துக்கொள்ளவில்லை. ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் பழைய காலத்து ஆட்டோமேட்டிக் கார். "நாளெல்லாம் ஊரான் பெத்த பிள்ளைங்களோட சேர்ந்து கிளட்ச் மிதிச்சு மிதிச்சு என் முட்டி தேஞ்சு போச்சு. வீட்டுக்குப் போறப்பவாவது இந்த இடது காலு சும்மா கிடக்கட்டும்" என்பாள். அந்தக் காரை வேறு யாரும் ஓட்டியதில்லை. அப்பா இருந்தவரை பக்கத்து ஸீட்டில் பொட்டலம் மாதிரி உட்கார்ந்து போய்வந்தார். அவருக்கே அவ்வளவுதான் உரிமை. பிள்ளைகள் பின் ஸீட்டோடு சரி.

பிறகு கியர்பாக்ஸ் வெடிப்பு விட்டது. கார் ஷெட்டுக்குள் போனது. ஸ்கூலும் மூடியாயிற்று. அதற்கும் பிறகு, அம்மா மறக்க ஆரம்பித்தாள்.

முதலில் சின்னச் சின்னதாகத்தான். கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடுவது எல்லோரும் செய்வது என்று விட்டுவிட்டார்கள். ஒரு நாள் ஃபர்னிச்சர் கடையிலிருந்து அக்காவுக்கு போன் வந்தது. ஸ்கூல் இருந்த இடத்தில் இப்போது ஒரு பெரிய ஃபர்னிச்சர் ஷோரூம் இருக்கிறது. அம்மா காலையிலேயே அங்கே போய், ஒரு மூன்று பேர் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் வந்த விற்பனைப் பையனிடம், "மொதல்ல கண்ணாடியைச் சரி பண்ணு. அப்புறம் பெல்ட்டு. எதுக்கு முழிக்கிற?" என்று கேட்டிருக்கிறாள். அவனும் மரியாதைக்காகப் பெல்ட் போடுவது போல் கையை இழுத்துக் காட்டியிருக்கிறான். பாஸாகிவிட்டான் என்று கேள்வி.

அது திரும்பத் திரும்ப நடந்தது. அம்மாவைக் கூட்டிவரப் போனது ஒவ்வொரு முறையும் அக்காதான். அக்கா ஆடிட்டர். அவளுக்கு எதையும் ஆதாரத்தோடு சொல்ல வேண்டும்.

"மூளை டாக்டர் என்ன சொன்னாரு தெரியுமாடா? பழசு நிக்கும், புதுசு தங்காதாம். போகப் போகப் பழசும் கரையுமாம். தனியா விடக் கூடாதாம். நல்ல முதியோர் இல்லம் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். சுத்தமா இருக்கு."

"அம்மா நல்லாத்தான்க்கா இருக்கா."

"நீ ஞாயித்துக்கிழமை வர்றவன். ஞாயித்துக்கிழமை எல்லாருமே நல்லாத்தான் இருப்பாங்க."

பதில் இல்லாதவர்கள் வழக்கமாகச் செய்வதையே சின்னவனும் செய்தான். சவால் விட்டான். தலை மறந்தாலும் கை மறக்காது, ஷெட்டில் கிடக்கும் காரைச் சரி செய்து கொடுக்கிறேன், அம்மாவே ஷெட்டிலிருந்து பின்னால் எடுத்துத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து நிறுத்தட்டும், நிறுத்தினால் அம்மா இந்த வீட்டிலேயே இருப்பாள், வீட்டோடு இருக்க ஓர் ஆளை நானே வைக்கிறேன் என்றான். அக்கா குறுக்கிட்டாள்.

"நிறுத்தலைன்னா?"

"நிறுத்துவா."

"நிறுத்தலைன்னா, சின்னவனே?"

"நீ சொல்ற இடத்துக்கு நானே கொண்டுபோய் விடுறேன்."

அம்மாவுக்கும் இது சொல்லப்பட்டது. "எனக்கே டெஸ்ட்டா?" என்று கேட்டுவிட்டு அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் மறந்துவிட்டாள். மறுபடி சொன்னார்கள். மறுபடி சிரித்தாள். மறதியில் இப்படி ஒரு வசதி, ஒரே நகைச்சுவை புதிதாகவே இருக்கும்.

கியர்பாக்ஸுக்கு மெக்கானிக்கைப் பிடித்தான். அவரை எல்லோரும் 'நாளைக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். எதைக் கேட்டாலும் அவர் சொல்லும் பதில் அது. பழைய பெட்டி தேறாது என்று சொல்லி, அதே கம்பெனிக் காரில் கொஞ்சம் பின்னால் வந்த மாடலின் பெட்டி ஒன்றை எங்கோ உடைசல் கடையிலிருந்து தேடிக்கொண்டு வந்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. மிச்சம் இருந்தது லிங்கேஜ் மட்டும்தான். அதாவது, மேலே கை பிடிக்கும் கம்பி அசைவதைக் கீழே பெட்டிக்குச் சொல்லும் ராடுகளும் மூட்டுகளும்.

"இது பொறுமையான வேலை டாக்டர். நாளைக்கு வந்து மாட்டித் தர்றேன்."

"நானே மாட்டிக்கிறேண்ணே."

பல் டாக்டருக்கு ஏற்ற வேலைதான் அது. ஸ்டியரிங் தண்டின் அடியில் ஒரு கை. அதிலிருந்து ஒரு ராடு. ராடு போய்ச் சேருமிடத்தில் முழங்கை மாதிரி மடங்கும் ஒரு துண்டு. அங்கிருந்து இன்னொரு ராடு, பெட்டியின் விலாவில் இருக்கும் நெம்புகோலுக்கு. ஒவ்வொரு மூட்டிலும் புஷ் என்கிற ஒரு சின்னப் பிளாஸ்டிக் வளையம், ஒரு பின், பின் கழன்றுவிடாமல் இருக்கக் குறுக்கே ஒரு காட்டர் பின். பழைய புஷ்கள் தொட்டதும் ரஸ்க் மாதிரி உதிர்ந்தன. அப்படித் தளர்ந்த மூட்டோடு ஓட்டினால் கம்பி ஒன்று சொல்லும், பெட்டிக்கு வேறொன்று கேட்கும். சில குடும்பங்களில் நடப்பது போலத்தான்.

புதிய புஷ்களை வெந்நீரில் போட்டு இளக்கி, கட்டை விரலால் அழுத்தி உட்கார வைத்தான். பின்களுக்குக் கிரீஸ் தடவினான். மேலே கம்பியை முதல் நிலையான பார்க்கில் வைத்து, கீழே நெம்புகோலையும் பார்க்கில் வைத்து, இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் ராடின் நட்டை இறுக்கினான். பிறகு கம்பியை ஒவ்வொரு நிலையாக இறக்கிப் பார்த்தான். டக். டக். டக். ஒவ்வொரு டக்கும் கீழே பெட்டிக்குள் சுத்தமாக விழுந்தது. கடைசி நிலையில் மட்டும் இடித்தது.

ஸ்டியரிங் தண்டுக்குள் கம்பியின் நாக்கு நகர ஒரு தகடு உண்டு. வாய்க் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தான். தகட்டின் கடைசிப் பள்ளத்துக்கு முன்னால் ஒரு மேடு. வரிசைக்குப் பொருந்தாமல் துருத்திக்கொண்டு, அசல் தெற்றுப்பல். நாக்கு அதில் போய் முட்டுகிறது. கம்பியைத் தன் பக்கமாகக் கொஞ்சம் தூக்கி இழுத்தால்தான் தாண்டுகிறது. எந்தக் காலத்திலோ அடி வாங்கி நெளிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். அம்மாவுக்குக் கையில் பலம் இல்லை, இதை வேறு தூக்கித் தாண்ட வேண்டுமா? மறுநாள் கிளினிக்கிலிருந்து டிரில்லைக் கொண்டுவந்தான். அதை அவன் தேய்த்த அழகைப் பார்க்க இன்னொரு பல் டாக்டர் பக்கத்தில் இல்லையே என்று அவனுக்கே வருத்தமாக இருந்தது. வேலை முடிந்தபோது கம்பி மேலிருந்து கீழ்வரை வெண்ணெயில் போவது போல் போனது.

நிலைகளைக் காட்டும் பழைய தகட்டில் வெயில் பட்டு எழுத்தெல்லாம் எப்போதோ போயிருந்தது. புதிதாக ஒன்று எழுதி மாட்டினான். பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ், கடைசியில் ஏற்றத்தில் முன்னால் இழுக்கும் லோ.

அம்மா டீ கிளாஸோடு ஷெட்டுக்கு வந்து அதை எட்டிப் பார்த்தாள்.

"எழுத்து அழகா இருக்கு. யாருடா எழுதுனது?"

"நான்தாம்மா."

"பசங்க யாரும் இன்னும் வரலையா? மணி ஆச்சே."

"இன்னைக்கு லீவும்மா."

"ஓ." தகட்டை இன்னொரு தடவை பார்த்தாள். "ரிவர்ஸ் எதுக்குடா இங்க வந்து உக்காந்திருக்கு?"

"அது எப்பவும் அங்கதாம்மா இருக்கு."

குரலைத் தாழ்த்தி, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான். பல் பிடுங்கும் முன் குழந்தைகளிடம் பேசும் குரல் அது. அம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். "அப்படியா, சரி" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தாள்.

டெஸ்ட்டுக்கு அம்மா தலை வாரி, ஸ்கூல் நடத்திய நாளில் கட்டும் கஞ்சி போட்ட காட்டன் புடவையில் வந்தாள். கார் ஷெட்டுக்குள் சுவரைப் பார்த்து நின்றது. சுவரோரம் சின்னவனின் வேலை மேஜை, அதன் மேல் டப்பாக்கள், டிரில், கழற்றிய பழைய சாமான்கள். அம்மா ஓட்டுநர் ஸீட்டில் உட்கார்ந்தாள். சின்னவன் பக்கத்து ஸீட்டில், அப்பாவின் பொட்டலப் பதவியில்.

கண்ணாடியைத் திருப்பினாள். பெல்ட்டை இழுத்து மாட்டினாள். இஞ்சினைக் கிளப்பினாள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "பின்னாடி நிக்கிறவங்க நகருங்க. சொந்தக்காரங்களா இருந்தாலும் நகரணும்" என்றாள். அக்கா நகர்ந்தாள். அவள் முகத்தில்கூட ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. சின்னவனுக்கு உள்ளே கொண்டாட்டம். கை மறக்காது என்று சொன்னேனா இல்லையா?

அம்மா பிரேக்கில் காலை வைத்தாள். கீழே பார்க்கவில்லை. பார்ப்பாளா? ஒரு கையை ஸீட்டின் மேல் போட்டு, உடம்பைத் திருப்பி, பின்னால் தெருவைப் பார்த்தபடி, இன்னொரு கையால் கம்பியை லேசாகத் தன் பக்கம் தூக்கி ஒரே இழுப்பில் கடைசிவரை இறக்கினாள். எதற்குத் தூக்குகிறாள் என்று சின்னவனுக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றி முடிவதற்குள் அவள் பிரேக்கை விட்டு ஆக்ஸிலேட்டரைத் தொட்டாள்.

கார் முன்னால் பாய்ந்தது.

மேஜை சுவரில் போய் மோதி மடங்கியது. டப்பாக்கள் பானெட்டின் மேல் உருண்டன. புதிதாக மாட்டிய ஹெட்லைட் நொறுங்கியது. இவ்வளவுக்கும் அம்மாவின் கால் பிரேக்குக்குப் போன வேகத்தில் எந்தக் குறையும் இல்லை. வேறு யாராவது ஓட்டியிருந்தால் சுவரே போயிருக்கும்.

யாருக்கும் அடி இல்லை. அம்மா எதிரே இருந்த சுவரைப் பார்த்தாள். அது பின்னால் இருக்க வேண்டிய தெரு அல்ல என்பதை ஒரு முறைக்கு இரு முறை சரிபார்த்துக்கொண்டது போல் இருந்தது. பிறகு கம்பியைப் பார்க்கில் வைத்தாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். இஞ்சினை நிறுத்தினாள். சாவியை எடுத்தாள். எல்லாம் வரிசைப்படி. இறங்கிப் போய்ச் சாவியை அக்காவின் கையில் வைத்தாள்.

"ஃபெயில்" என்றாள்.

அக்கா ஜெயித்த முகம் காட்டவில்லை. அம்மாவைத் தோளோடு அணைத்து உள்ளே கூட்டிப் போனாள். சின்னவனுக்கு ஆத்திரம் வந்தது அதனால்தான். கொஞ்சம் அலட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அவன் மறுபடி காருக்கு அடியில் போனான். தப்பு தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று எந்த மனிதனும் அப்படி வேண்டிக்கொண்டிருக்க மாட்டான். ஒரு பின் கழன்றிருக்கட்டும், ஒரு நட்டு நழுவியிருக்கட்டும், புஷ் பிதுங்கியிருக்கட்டும் என்று மூட்டு மூட்டாகத் தடவிப் பார்த்தான். ஒன்றும் கழலவில்லை. ஒன்றும் நழுவவில்லை. அவன் வாழ்க்கையில் செய்த மிகச் சிறந்த வேலை பிசிறில்லாமல் அப்படியே இருந்தது. பார்க் என்றால் பார்க். லோ என்றால் லோ.

கடைசியாக ஸ்டியரிங் தண்டுக்குள் கண்ணாடியை விட்டான். தான் தேய்த்த இடம் பளபளவென்று தெரிந்தது. அம்மா கம்பியைத் தூக்கியது அப்போதுதான் அவனுக்குள் முழுதாக இறங்கியது. அங்கே தாண்ட மேடு எதுவும் இல்லை. இருந்த மேடு அவள் கைக்கு மட்டும்தான் தெரியும்.

மெக்கானிக்குக்கு போன் போட்டான்.

"அண்ணே, பழைய பெட்டியில ரிவர்ஸ் எங்க வரும்?"

"அந்தக் காலத்து மாடலா? கடைசியில டாக்டர். தவறிப் போய் விழுந்துடக் கூடாதுன்னு ஒரு தடுப்பு இருக்கும். தூக்கி இழுத்தாத்தான் விழும். பின்னால வந்த மாடல்ல ரிவர்ஸை மேல கொண்டுவந்துட்டாங்க."

"இதை ஏண்ணே என்கிட்ட சொல்லல?"

"கூலி வாங்க வந்தப்ப நீங்க பளிச்சுன்னு புதுசா எழுதி மாட்டியிருந்தீங்களே. பாத்து ஓட்டுவாங்கன்னு நினைச்சேன்."

"அம்மா பாக்க மாட்டாங்கண்ணே."

"யாராவது கீழ பாக்காம கியர் போடுவாங்களா டாக்டர்?" என்றார் 'நாளைக்கு'. அவர் வேறு ஸ்கூலில் கற்றவர்.

"வரிசையைத் திருப்பிப் பழைய மாதிரி வைக்க முடியுமா? ராடை மாத்தி, இல்ல வேற ஏதாவது?"

"ராடு என்ன பண்ணும்? வரிசை பெட்டியோட வயித்துக்குள்ள இருக்கு. பழைய பெட்டி இன்னொண்ணு கிடைச்சாத்தான் உண்டு." இங்கே அவர் வழக்கமாகச் சொல்லும் வார்த்தைக்காகச் சின்னவன் காத்திருந்தான். அவர் சொல்லவில்லை. "கிடைக்காது டாக்டர்" என்றார்.

சின்னவன் கிரீஸ் கையோடு சமையலறைக்கு ஓடினான். அக்கா டீ கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னான். தகடு, தெற்றுப்பல், டிரில், ரிவர்ஸ். அக்கா குழாயை மூடிவிட்டுக் கடைசிவரை கேட்டாள்.

"அப்போ அம்மாவோட கை சரியாத்தான் போட்டுச்சு?"

"அதைத்தானேக்கா சொல்றேன்! மறக்கவே இல்ல! அம்மா பாஸ்!"

"புது எழுத்தை அம்மாகிட்டக் காட்டினியா?"

"காட்டினேன். பாத்தா."

"என்ன சொன்னா?"

சின்னவன் சொன்னான். ரிவர்ஸ் எதுக்கு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டதை. அதற்குத் தான் சொன்ன பதிலை. சொல்லும்போதே குரல் இறங்கிக்கொண்டு போனது.

அக்கா கையைத் துடைத்தாள். "பழைய அம்மாவா இருந்தா, 'எனக்கே சொல்லித் தர்றியாடா'ன்னு உன் மண்டையில ரெண்டு வச்சிருப்பா. நீ சொன்னதும் சரின்னுட்டா பாரு." துண்டைக் கொடியில் போட்டாள். "சரின்னதையும் வண்டியில ஏறுறதுக்குள்ள மறந்துட்டா. பழசு நிக்கும், புதுசு தங்காது. மூளை டாக்டர் வேற என்னடா சொன்னாரு?"

அம்மாவைக் காப்பாற்ற அவன் எடுத்து வந்த ஆதாரத்தை அக்கா அலுங்காமல் வாங்கி எதிர்ப்பக்கத்தில் வைத்துவிட்டாள். ஆடிட்டர். தப்பாகவும் வைக்கவில்லை. அதுதான் கொடுமை.

கடைசி வழியாக அம்மாவிடமே போனான். அவள் கட்டிலில் உட்கார்ந்து, மடித்த புடவையை மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீ தப்பே பண்ணல. கேக்குறியா? வண்டியிலதான் தப்பு. பெட்டி மாறிப் போச்சு. நான்தான்..."

அம்மா நிமிர்ந்தாள். முகத்தில் எந்த மறதியும் இல்லை. இத்தனை தெளிவான முகத்தை அவன் பல மாதங்களாகப் பார்க்கவில்லை.

"வண்டி மேல பழி போட்டவன் எவனையும் நான் பாஸ் பண்ண விட்டதில்ல" என்றாள். "எனக்கு மட்டும் தனிச் சட்டமா?"

"அதுக்கில்லம்மா, நிஜமாவே வண்டிதான்..."

"அவனுங்களும் நிஜமாவேன்னுதான்டா சொல்வானுங்க."

புடவையை மடித்து முடித்துப் பெட்டியில் வைத்தாள். எந்தப் பெட்டி, எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

வாக்குக் கொடுத்தபடி அவன்தான் கொண்டுபோய் விட்டான், அதே காரில், ஒற்றை ஹெட்லைட்டோடு. வேறு காரில் ஏற அம்மா சம்மதிக்கவில்லை. சாமான்களோடு அக்கா தன் காரில் பின்னால் வந்தாள். அம்மா பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்தாள். ஸ்கூல் வண்டிகளில் அந்தப் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். இதில் கிடையாது. இருந்தாலும் வழி நெடுக, ஒவ்வொரு திருப்பத்திலும், அவளுடைய கால் வெறும் தரையை அழுத்திக்கொண்டே வந்தது. அவன் பிரேக் போடும் முன்பே அவள் போட்டுவிடுவாள்.

ஷெட்டிலிருந்து எடுக்கும்போதே அவன் மணிக்கட்டில் ஒரு தட்டு விழுந்திருந்தது.

"கீழ என்ன தேடுற? கியர் எங்கயாவது ஓடிப் போச்சா? பின்னாடி பாரு."

இல்லம் அக்கா சொன்ன மாதிரியே சுத்தமாகத்தான் இருந்தது. முற்றத்தில் மதிலைப் பார்த்தபடி வண்டியை நிறுத்தினான். சீருடை போட்ட பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டே வந்து கதவைத் திறந்தாள். அம்மா இறங்கினாள். புடவையைச் சரி செய்துகொண்டு, ஜன்னல் வழியாகக் குனிந்து அவனைப் பார்த்தாள்.

"பார்க்கிங் பரவாயில்ல. ரிவர்ஸ்தான் உனக்கு இன்னும் வரல. நாளைக்குக் காலையில ஸ்கூலுக்கு வந்துடு. லேட்டா வந்தா கேட்டைச் சாத்திடுவேன்."

அவனை யாரென்று நினைத்து அவள் சொல்கிறாள் என்று சின்னவனுக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிவில்லை.

"சரி மேடம்" என்றான்.

அம்மா தலையாட்டிவிட்டு, அந்தப் பெண்ணின் கையைப் பிடிக்காமல், நிமிர்ந்து உள்ளே போனாள். அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். வெகுநேரம் கழித்து வெறுங்கையோடு திரும்பி வந்து தன் காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

சின்னவன் பிரேக்கில் காலை வைத்தான். ஒரு கையை ஸீட்டின் மேல் போட்டு, உடம்பைத் திருப்பி, பின்னால் பார்த்தான். கீழே பார்க்கவில்லை. கை தானாகக் கம்பியைத் தன் பக்கம் லேசாகத் தூக்கி இழுத்தது. எதுவும் தடுக்கவில்லை. வெண்ணெயில் போவது போல் கம்பி கடைசிவரை இறங்கியது. கீழே பெட்டிக்குள் லோ விழுந்த சத்தம் சுத்தமாகக் கேட்டது.

முன்னால் மதில். பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். பின்னால் அக்கா ஹாரன் அடித்தாள்.